முதல் குழந்தை பிப்ரவரியில், கையில் 1,62,000 ரூபாய்: எதற்கு எவ்வளவு எடுத்து வைப்பது?

சந்தாபுரம் கணக்கர்
அக்டோபர் 12, இரவு 10.40

வணக்கம். பெங்களூரில் பிள்ளை பெற்று வளர்க்கும் நம் ஊர்க்காரர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். பிப்ரவரி 26 என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். எங்களுக்கு முதல் குழந்தை. நான் பொம்மசந்திராவில் மெஷின் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கைக்கு வருவது 46,000. அவள் எலக்ட்ரானிக் சிட்டியில் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் சேர்ந்து 14 மாதம் ஆகிறது, 38,000. ஆக மொத்தம் 84,000.

போகிற பக்கம் இப்படி. சந்தாபுரத்தில் மாடி வீடு, வாடகை 14,500, அதோடு தண்ணீருக்கும் பராமரிப்புக்கும் 1,500. தங்கை கல்யாணக் கடனுக்கு மாதம் 11,200, அது அடுத்த வருஷம் டிசம்பரில்தான் முடியும். ஊத்தங்கரை பக்கம் அம்மா தனியாக இருக்கிறார், அவருக்கு 8,000. பைக் தவணை 3,400, மார்ச்சோடு தீர்ந்துவிடும். ஏலச்சீட்டு 5,000. மளிகை, காய், பால், காஸ் எல்லாம் 13,000. என் பெட்ரோல், அவளுடைய ஆட்டோ, மெட்ரோ சேர்ந்து 5,500. போன், கரண்ட் 2,500. இப்போது செக்கப், ஸ்கேன், மாத்திரை என்று சராசரியாக 4,000. கூட்டினால் 68,600. மிச்சம் 15,400 என்று தாள் சொல்கிறது. மாதக் கடைசியில் பார்த்தால் பத்தாயிரம்தான் நிற்கிறது. பேங்கில் இருப்பது 1,62,000. நகை என்று பெரிதாக எதுவும் இல்லை.

ஓசூர் ரோட்டில் நாங்கள் காட்டும் ஆஸ்பத்திரியில், இருவர் தங்கும் அறை என்றால் சுகப்பிரசவத்துக்கு 65,000, சிசேரியனுக்கு 1,05,000 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் கம்பெனி இன்சூரன்ஸில் சுகப்பிரசவத்துக்கு 50,000, சிசேரியனுக்கு 60,000 வரை உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை அரூரிலிருந்து மாமனார் வந்திருந்தார். பஸ் மாறி மாறி, தோளில் ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கோடு. காப்பியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தலைப்பிரசவம் எங்க வீட்டுலதான். நீங்க ஒரு ரூபா எடுக்கக் கூடாது மாப்ள" என்றார். அவருக்குக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் நிற்கிறது. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தை மாதம் கிழங்கு வெட்டினால் பணம் வரும், தருமபுரியில் தனியார் ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிடலாம் என்கிறார். அவர் பேச்சை மறுக்க வாய் வரவில்லை. அவர் கடன் வாங்கி என் குழந்தை பிறக்கவும் மனம் ஒப்பவில்லை.

பிரசவத்துக்கும் முதல் வருஷத்துக்கும் எவ்வளவு எடுத்து வைத்தால் போதும்? ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு, 20 மாதம், 12 மாதம் கட்டியாயிற்று. போன மாதம் ஒருவர் 84,000-க்கு எடுத்தார். அதை இப்போதே எடுத்துவிடவா? பிரசவம் இங்கேயா, ஊரிலா?

கம்பெனியில் மாதக் கடைசியில் பெரிய பெரிய கணக்கையெல்லாம் சரிபார்த்து முடித்துவிடுகிறேன். இந்தக் கணக்கில் முதல் வரியில் எதை எழுதுவது என்றே தெரியாமல் பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.


அல்சூர் அக்கா
அக்டோபர் 13, பிற்பகல் 2.15

தம்பி, முதலில் வாழ்த்துகள். தங்கச்சியிடமும் சொல்லுங்கள்.

என் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம். உண்டான நாளிலிருந்து ஒரு பச்சை அட்டை நோட்டில் செலவு எழுதி வந்தேன். உங்கள் பதிவைப் பார்த்ததும் அதை அலமாரியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் எழுதிய கணக்கு முழுக்க பிப்ரவரியில் போய் நின்றுவிடுகிறது. நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். நோட்டில் முதல் 20 பக்கம் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிதான். அது பெரிய செலவு, ஆனால் ஒருமுறை வந்து போகிற செலவு. உங்களுக்குத் துண்டு விழப்போவது ஆகஸ்டில்.

எப்படி என்று பாருங்கள். 2017-ல் மகப்பேறு விடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும், தங்கச்சிக்கு அதில் சிக்கல் இல்லை. 26 வாரத்தில் 8 வாரம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். ஆனால் முன்னால் எடுப்பது பின்னால் குறையும். இரண்டு வாரம் முன்னால் எடுத்தால், தேதிப்படி பிறந்தால், ஆகஸ்ட் நடுவில் வேலைக்குத் திரும்ப வேண்டும். அன்றைக்குக் குழந்தைக்கு ஐந்தரை மாதம். அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் குழந்தை யார் கையில் இருக்கும்? அதை முதல் வரியில் எழுதுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் எண்களையே வைத்துப் போட்டுப் பார்த்தேன். செக்கப் செலவு 4,000 நின்றால் மாதச் செலவு 64,600. மார்ச்சில் பைக் தவணை தீர்கிறது, ஜூனில் சீட்டு முடிகிறது. 8,400 கைக்குத் திரும்புகிறது. இதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆக, ஆகஸ்டில் 56,200. குழந்தைக்கு மாதம் 6,000 என்று வையுங்கள். டயபர், டாக்டர், சோப்பு, சாப்பாடு ஆரம்பிக்கும்போது ராகி, பழம் எல்லாம் அதற்குள் வரும். 62,200. தங்கச்சி வேலையை விட்டால் உங்கள் 46,000-த்தில் மாதம் 16,200 துண்டு விழும். அவள் வேலைக்குப் போய், டேகேருக்கு 12,000 கொடுத்தால் 9,800 மிஞ்சும். யாராவது பெரியவர்கள் வந்து இருந்தால் இன்னும் நிறையவே மிஞ்சும். ஆஸ்பத்திரியில் பத்தாயிரம் கூடுமா குறையுமா என்பதைவிட இந்த மூன்றில் எது என்பதுதான் உங்கள் வருஷத்தை முடிவு செய்யும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டேகேரில் விட்ட முதல் மூன்று மாதம் என் மகளுக்கு மாதம் இரண்டு முறை சளி, காய்ச்சல். காய்ச்சல் இருந்தால் உள்ளே சேர்க்க மாட்டார்கள். நோட்டில் இருக்கிறது: அந்த மூன்று மாதத்தில் எனக்குச் சம்பளம் பிடித்த நாள் 9, அவருக்கு 4. ஆகவே ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை இரண்டு பேர் சம்பளமும் முழுதாக வரும் என்று எழுதாதீர்கள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வேலை நேரத்தில் நான்கு தடவை தாய் போய்ப் பார்த்து வரலாம். சில கம்பெனிகள் பக்கத்தில் ஒரு டேகேரோடு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள், யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். தங்கச்சியை எச்.ஆரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிகிற வேலை என்றால், விடுப்பு முடிந்த பிறகு கொஞ்ச காலம் அப்படிப் பார்க்க கம்பெனியோடு பேசி முடிவு செய்துகொள்ளவும் அதில் வழி இருக்கிறது. சம்பளப் பட்டியல் வேலைதானே, கேட்டுப் பார்க்கட்டும்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். எனக்குச் சுகப்பிரசவம் என்றுதான் கடைசி வாரம் வரை சொன்னார்கள். சிசேரியன் ஆயிற்று. பில் 96,800, இன்சூரன்ஸ் 60,000, கையிலிருந்து 36,800. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது மூன்றாம் நாள் வந்தது. காலையில் ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தபோது குழந்தையின் கண் வெள்ளை, எலுமிச்சைப் பழத்தோல் நிறத்தில் இருந்தது. மஞ்சள் காமாலை. பிறந்த குழந்தைகள் நிறையப் பேருக்கு வரும், பெரும்பாலும் சரியாகிவிடும். இவளுக்கு அளவு கொஞ்சம் கூட இருந்ததால் கண்ணைக் கட்டி இரண்டு ராத்திரி நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். 21,400. அது முழுக்க எங்கள் கைப்பணம். பாலிசியில் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே இடம் இருந்தது. ஆனால் குழந்தையின் பில் தாயின் மகப்பேறு வரம்புக்குள்தான் வரும், அது முடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரி மேசையில் சொல்லிவிட்டார்கள். எதிர்த்துக் கேட்கிற நிலையில் நாங்கள் இல்லை. ஐந்து மாதம் கழித்துப் பாலிசித் தாளை உட்கார்ந்து படித்தால், குழந்தையின் வைத்தியம் குடும்பத்தின் மொத்தத் தொகையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்குள் கெடு தாண்டிவிட்டது.

அதனால் இதை இப்போதே கேட்டு, மெயிலில் பதில் வாங்கி வையுங்கள். குழந்தைக்கு முதல் நாளிலிருந்து உண்டா? அதன் பில் எந்தத் தொகையில் சேரும்? பிறந்து எத்தனை நாளுக்குள் பெயரைச் சேர்க்க வேண்டும்? அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா? கடைசிக் கேள்வியை லேசாக நினைக்காதீர்கள். வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால் பல பாலிசிகளில் வாடகை வித்தியாசத்தோடு விடாமல் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். அப்புறம், தங்கச்சி பிரசவம் முடியும் வரை கம்பெனி மாறுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

உங்களுக்கு என் யோசனை: சிசேரியன் என்றே வைத்துக் கையிலிருந்து 45,000, குழந்தைக்கு ஏதாவது என்றால் 30,000. இந்த 75,000 அசையக் கூடாது. துணி, ரப்பர் ஷீட், கொசுவலை, பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கான மருந்து, லேகியச் சாமான் எல்லாவற்றுக்கும் 12,000. மீதி 75,000-ஐத் தனிக் கணக்கில் போட்டு, அது ஆகஸ்ட் பணம் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி வரை மாதம் நிற்கும் பத்தாயிரமும் அதில் சேரட்டும். சீட்டு இப்போது வேண்டாம். பொறுத்து எடுத்தால் கழிவு குறையும், ஜூனில் கிட்டத்தட்ட முழுசாக வரும்.

துணி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் பயமுறுத்துவது இதில்தான். என் அம்மா, என் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டிகள் நான்கைக் கொண்டுவந்து, கரையை வெட்டி எடுத்துவிட்டு, சதுரமாகக் கிழித்து, ஓரம் அடித்து, வெந்நீரில் போட்டு அலசிக் காயவைத்தார். பத்து வருஷம் துவைத்த பருத்தி, கன்னத்தில் வைத்தால் தெரியும் அதன் மென்மை. பகலில் அந்தத் துணி, ராத்திரிக்கு ஒரு டயபர். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துத் துணியாவது மாற்ற வேண்டும். எங்களுக்குப் பிறந்தது ஜூன்; மழையில் துணி இரண்டு நாளானாலும் காயாது, இஸ்திரி போட்டே காயவைத்தோம். உங்களுக்கு மார்ச், ஏப்ரலில் வெயில் நன்றாக அடிக்கும். ஆனால் தண்ணீர்? 2024 கோடையில் இந்த ஊர் பட்ட பாட்டை மறக்க முடியாது. டேங்கர் வீடு என்றால் கோடையில் விலை ஏறும். ஓனரிடம் பேசித் தெரிந்துகொண்டு, 1,500 என்பதை இரண்டு மடங்காக எழுதி வையுங்கள். தண்ணீர் போதவில்லை என்றால் டயபருக்கு மாறுங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

தொட்டில் கட்டில், தள்ளுவண்டி, குழந்தை பவுடர் டப்பா செட் எதுவும் வாங்காதீர்கள். சட்டைகூட மூன்றோடு நிறுத்துங்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சட்டைதான் கொண்டுவருவார்கள்.

உங்கள் அம்மா வந்து இருப்பதாக இருந்தால் ஒன்று. அந்த 8,000-த்தை நிறுத்திவிடாதீர்கள். ஊரில் அவருக்கு ஒரு வாழ்க்கை இருக்கும், ஒரு மாடோ ஆடோ இருக்கும். அதை விட்டுவிட்டு வருகிறவர் கையில் அவருடைய பணம் இருக்க வேண்டும்.


ஜெயநகர் நர்ஸ்
அக்டோபர் 13, இரவு 9.05

அக்கா சொன்னதற்கு மேல் மருத்துவப் பக்கம் மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

தடுப்பூசிக்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் தனியாரில் முதல் வருஷத்தில் நிறையப் பணம் போகிற இடம் அதுதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.சி.ஜி., போலியோ, ஹெபடைட்டிஸ் பி, 6, 10, 14-ம் வாரங்களில் போடும் பென்டாவேலன்ட், ரோட்டா சொட்டு, 9-ம் மாதத்தில் போடும் மீசில்ஸ் ரூபெல்லா எல்லாம் இலவசம். தனியாரில் விலை அதிகமான நிமோகாக்கல் ஊசியும் 2021-லிருந்து நாடு முழுவதும் அரசுப் பட்டியலில் இருக்கிறது: 6, 14-ம் வாரம், 9-ம் மாதம். மருந்தின் தரத்தில் குறை இல்லை. ஊசி போட்ட அன்று காய்ச்சல், வீக்கம் கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். அட்டவணையில் இல்லாத ஃப்ளூ, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் ஏ போன்றவற்றைக் குழந்தை டாக்டரிடம் கேட்டுத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். நிறையப் பேர் இப்படிக் கலந்துதான் போடுகிறார்கள். அட்டை மட்டும் ஒன்றாக இருக்கட்டும், எங்கே போட்டாலும் அதில் எழுதி வாங்குங்கள்.

இங்கே பிரசவம் என்றாலும் பக்கத்து சுகாதார நிலையத்தில் பதிந்து, கர்ப்பிணிகளுக்குத் தரும் தாயி கார்டு வாங்கி வையுங்கள். தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் பிக்மி (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு) எண் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு அங்கே அதைக் கேட்பார்கள். அரூர் கிராம சுகாதார செவிலியரிடம் இப்போதே பேசிப் பதிந்துவிடலாம். கடைசி நேரத்தில் அலைகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன். எங்கே பிறந்தாலும் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பரவாயில்லை, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

மனைவியின் ரத்த வகை என்ன? அவர் நெகட்டிவ், நீங்கள் பாசிட்டிவ் என்றால் 28-ம் வாரத்தில் ஆன்டி-டி ஊசி போடச் சொல்வார்கள், குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிறந்து 72 மணி நேரத்துக்குள் மறுபடியும். அது சில ஆயிரம் ரூபாய், பேக்கேஜில் பெரும்பாலும் சேராது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக: சம்பளம் மாதம் 21,000-க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு 26 வார விடுப்புப் பணமும் பிரசவமும் இ.எஸ்.ஐ. வழியாகவே உண்டு. வேறு விடுப்புச் சலுகை இல்லாத குறைந்த வருமானத்துத் தாய்மார்களுக்கு, முதல் குழந்தைக்கு மாத்ரு வந்தனா திட்டத்தில் 5,000 ரூபாய் இரண்டு தவணையாக வரும், அங்கன்வாடியில் கேளுங்கள். வாணி விலாஸ் அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம் இருக்கும், படுக்கைக்குக் காத்திருக்க நேரிடும், ஆனால் சிக்கலான பிரசவத்தைப் பார்க்க அங்கே உள்ள கைகள் சாதாரணக் கைகள் அல்ல.


மடிவாளா மளிகை
அக்டோபர் 14, காலை 6.30

கடை திறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். முதல் பிள்ளை மாமனார் ஊரில், விழுப்புரம் பக்கம். இரண்டாவது இங்கே.

சீட்டு விஷயத்தில் மட்டும் அல்சூர் அக்காவோடு ஒத்துப்போக முடியவில்லை. அது பதிவு பெற்ற சீட்டா, தெரிந்தவர் நடத்துவதா? தெரிந்தவர் நடத்துவது என்றால் கடைசி வரை காத்திருக்காதீர்கள். என்னோடு 15 வருஷம் பழகியவர் நடத்திய சீட்டில் கடைசி மூன்று மாதம் பாக்கி இருக்கும்போது அவர் தொழில் படுத்துவிட்டது. மனிதர் நல்லவர்தான். என் 70,000 வரவில்லை. பிள்ளைக்கு என்று வைத்த பணம் அது. நீங்கள் ஜனவரியில் எடுத்துவிடுங்கள். கொஞ்சம் கழிவில் போனால் போகட்டும்.

ஊரில் பிரசவம் என்றால் பில் குறையும் என்று கணக்குப் போடுகிறீர்கள். தங்கச்சி ஏழாம், எட்டாம் மாதம் ஊருக்குப் போனால், பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும் வரை ஐந்தாறு மாதம். நான் வாராவாரம் சனிக்கிழமை ராத்திரி கடை மூடி, இங்கே மடிவாளாவில் பஸ் பிடித்து, ஞாயிறு ராத்திரி திரும்பினேன். ஒரு தடவைக்கு ஆயிரத்தைந்நூறு குறையாது. வெறுங்கையோடு போக முடியுமா, பழம், ஹார்லிக்ஸ், மச்சினன் பிள்ளைகளுக்கு ஏதாவது. இங்கே வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதோடு பெங்களூரு ஆஸ்பத்திரியில் பார்த்த ரிப்போர்ட் எல்லாம் இருந்தும் அங்கே மறுபடி எல்லா டெஸ்டும் எடுத்தார்கள்.

காசை விடுங்கள். என் மூத்தவன் முதன்முதலாகக் குப்புற விழுந்ததை போனில்தான் பார்த்தேன். தனியார் வேலையில் நமக்கு அப்பா லீவு என்று சட்டத்தில் எதுவும் இல்லை. உங்கள் கம்பெனியில் எத்தனை நாள் தருவார்கள் என்று கேளுங்கள், இல்லையென்றால் இப்போதிருந்தே லீவைச் சேர்த்து வையுங்கள். 12 நாள் சேர்த்தாலும் அது பணம்தான்.

மாமனாரிடம் பணத்தைப் பற்றி மறுத்துப் பேசாதீர்கள், அவருக்கு வலிக்கும். அவரிடம் பணம் இல்லாத வேறு எவ்வளவோ இருக்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு என் மாமியார் இங்கே வந்து மூன்று மாதம் இருந்தார். மாமனார் 15 நாளைக்கு ஒருமுறை அரிசி, பூண்டு, நாட்டுக்கோழி, கருவாடு எல்லாம் கொண்டுவந்து இறக்கினார். நான் மளிகைக் கடைக்காரன், என் வீட்டுக்கே மளிகை கொண்டுவருகிறாரே என்று தடுக்கவில்லை. பேரப்பிள்ளை வீட்டுக்குள் அவர் நடந்து வந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வளைகாப்பு அரூரில் அவர் கையால் நடக்கட்டும். அவர் வீட்டு வாசலில், அவர் பந்தல். அதையும் நாற்பது ஐம்பது பேரோடு என்று மாமியார் மூலம் சொல்லி வையுங்கள்.


சந்தாபுரம் கணக்கர்
அக்டோபர் 19, இரவு 11.10

அக்கா, அண்ணா, சிஸ்டர் மூவருக்கும் நன்றி. ஒரு வாரமாக நீங்கள் சொன்னதை வைத்துத்தான் வீட்டில் பேச்சு.

அவள் எச்.ஆருக்கு மெயில் போட்டு பதில் வாங்கிவிட்டாள். குழந்தைக்கு முதல் நாளிலிருந்து உண்டு, பில் குடும்பத் தொகையான 3 லட்சத்திலிருந்து போகும், 30 நாளுக்குள் பெயர் சேர்க்க வேண்டும். அறை வாடகைக்கு ஒரு நாளுக்கு 3,500 என்று வரம்பு இருக்கிறது. நாங்கள் பார்த்து வைத்த அறை 4,200! ஒரு படி கீழே உள்ள மூவர் அறைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறோம். அந்த மெயிலை அச்செடுத்து ஸ்கேன் ஃபைலில் வைத்துவிட்டேன். காப்பகத்துக்கு எலக்ட்ரானிக் சிட்டி முதல் கட்டத்திலேயே ஒரு டேகேரோடு ஒப்பந்தம் இருக்கிறதாம்; இத்தனை நாள் அவளுக்கே தெரியாது. கம்பெனி பாதி கொடுத்தால் நாங்கள் கட்ட வேண்டியது 6,500. ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தையைச் சேர்ப்பதில்லை என்கிறார்கள். ஆகஸ்ட் கடைசி வரை இரண்டு வாரம் இடிக்கிறது. அந்த இரண்டு வாரம் நான் லீவு எடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். பிரசவத்துக்கு 5 நாள், ஆகஸ்டில் 10 நாள் என்று லீவைப் பிரித்தாயிற்று.

சீட்டு எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர் நடத்துவது, பதிவெல்லாம் இல்லை. அண்ணா சொன்ன மாதிரி ஜனவரியில் எடுக்கிறேன். அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அவள் ஓ பாசிட்டிவ், அந்தக் கவலை இல்லை.

மாமனாரிடம் நேற்று போனில் பேசினேன். பிரசவம் இங்கே, வளைகாப்பு அரூரில், அத்தை மூன்று மாதம் எங்களோடு இருக்கட்டும் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "அரிசி எங்கிட்டருந்துதான் வரணும்" என்றார். சரி மாமா என்றேன். "பாலுக்கு என்ன பண்ணுவீங்க, அங்க பாக்கெட் பால்தானே" என்று அதற்கு மேல் கால் மணி நேரம் பேசினார். அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. அவரிடம் இரண்டு மாடு இருக்கிறது. அக்கா சொன்னது சரிதான், கேட்பதற்கு முன்னால் அந்த மாடுகளுக்கு ஒரு வழி யோசிக்க வேண்டும்.


அல்சூர் அக்கா
அக்டோபர் 20, காலை 11.20

எதற்குக் கோபம்? பதிவில்லாத சீட்டு என்றால் அவர் சொன்னதுதான் சரி. எடுத்த பணத்தை ஆகஸ்ட் கணக்கில் போட்டுவிடுங்கள், செலவுக் கணக்கில் ஒரு நாள்கூட நிற்க வேண்டாம்.

என் மகளுக்குக் கட்டிய தூளிக் கம்பியும் ஸ்பிரிங்கும் சும்மாதான் கிடக்கின்றன, இரண்டும் நல்ல கனம். வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். புடவை மட்டும் தங்கச்சியின் அம்மாவுடைய பழைய நூல் புடவையாக இருக்கட்டும், வழுக்காது. உங்கள் வீட்டில் மேலே கொக்கி இருக்கிறதா? இல்லையென்றால் ஓனரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், கான்கிரீட்டில் துளை போட வேண்டியிருக்கும்.


சந்தாபுரம் கணக்கர்
அக்டோபர் 20, பிற்பகல் 1.45

பெட்ரூமில் ஃபேனுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது அக்கா. மூன்று வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறோம், போன வாரம்தான் என் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.